எட்டு டிஸ்க்கை விட நான்கு டிஸ்க் வேகமாக எழுதும்: ஒரு ரெய்டு டியூனிங் அனுபவம்

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை. அதை வேகப்படுத்த ரெய்டு டியூனிங் என்று தேடினால் வந்து விழுவதெல்லாம் எண்கள்தான். ஸ்ட்ரைப் கேஷை இவ்வளவு வை, ரீட் அஹெட்டை இவ்வளவாக்கு, ஷெட்யூலரை மாற்று. ஏன் அந்த எண், எந்த மாதிரி வேலைச்சுமைக்கு அந்த எண் என்ற பேச்சே இருக்காது. என் பொறுப்புக்கு வந்த ஒரு சர்வரின் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்டில் இப்படி வந்து சேர்ந்த வரிகள் நிறைய இருந்தன. மேலே ஒருவர் ஏற்றிய மதிப்பைக் கீழே இன்னொருவர் இறக்கியிருந்தார். இத்தனைக்குப் பிறகும் சர்வர் மெதுவாகவே ஓடியது.

அதில் இருந்தவை 7200 ஆர்பிஎம் சாட்டா டிஸ்க்குகள் 8. பேட்டரி உள்ள ஹார்டுவேர் கன்ட்ரோலரில் இரண்டு டிஸ்க் பழுதானாலும் டேட்டா தப்பும் ரெய்டு 6 ஆகக் கட்டி, அந்த ஒரே தொகுப்பின் மேல் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், எல்லோரும் பயன்படுத்தும் ஃபைல் ஷேர், இரவு பேக்கப் மூன்றையும் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு பதிவைச் சேமித்தால் சில சமயம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். சில சமயம் திரை அப்படியே நிற்கும். சராசரியைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். இப்படி வந்து வந்து போகிற தாமதம்தான் ஸ்டோரேஜ் வேலையில் ஆளைச் சோதிப்பது.

ஸ்கிரிப்ட்டில் கை வைப்பதற்கு முன் பேப்பரில் ஒரு கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட். தேடும் இடம் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிசெகண்ட். தலை நகர்வதற்கு ஏறக்குறைய 8 மில்லிசெகண்ட். இரண்டையும் கூட்டினால் டிஸ்க்கில் ஏதோ ஓரிடத்தைப் படிக்கும் அல்லது எழுதும் ஒரு ரேண்டம் வேலைக்குச் சுமார் 12 மில்லிசெகண்ட்; ஒரு டிஸ்க்கால் நொடிக்கு 80 வேலைதான் முடியும். எட்டு டிஸ்க்குக்கு 640.

ரீட் என்றால் அந்த 640 முழுதும் நமக்கு. ரைட்டில்தான் அடி. ரெய்டு 6இல் ஒரு சின்ன ரைட் வந்தால் பழைய டேட்டாவையும், இழந்ததை மீட்டெடுக்க உதவும் பேரிட்டி என்ற கணக்குத் தகவல் இரண்டையும் படிக்க வேண்டும், பிறகு புதிய டேட்டாவையும் இரண்டு புதிய பேரிட்டிகளையும் எழுத வேண்டும். மொத்தம் 6 வேலை. 640ஐ 6ஆல் வகுத்தால் 106. எட்டு டிஸ்க் வாங்கிப் போட்டும் நொடிக்கு நூற்றுச் சொச்சம் சின்ன ரைட்தான். ஒரே பேரிட்டி உள்ள ரெய்டு 5 என்றால் ஒரு ரைட்டுக்கு 4 வேலை, பேரிட்டி இல்லாமல் டேட்டாவை இரண்டு பிரதியாக வைக்கும் ரெய்டு 10 என்றால் 2. இது புதிதாக யாரும் கண்டுபிடித்த குறையும் இல்லை. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டை முன்வைத்து எழுதிய கட்டுரையிலேயே சின்ன ரைட் எவ்வளவு செலவு வைக்கும் என்பது பேசப்பட்டிருக்கிறது.

அன்றிலிருந்து எந்த அமைப்பை மாற்றுவதானாலும் எனக்கு ஒரே கேள்விதான்: மேலிருந்து வரும் ஒரு ரைட், கீழே எத்தனை டிஸ்க் வேலையாக மாறுகிறது? அந்த எண்ணிக்கையை இறக்கும் மாற்றம் முதலில். மற்றதெல்லாம் அப்புறம்.

அளப்பது பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிடி கட்டளையால் ஒரு பெரிய ஃபைலை எழுதிப் பார்த்து "நொடிக்கு இத்தனை எம்பி வருகிறதே" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் ராமின் வேகம். மிஞ்சிப்போனால் வரிசையாக எழுதும் வேகம். டேட்டாபேஸ் படும் பாடு அதில் தெரியாது. நான் டிஸ்க் வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ கருவியை, ராமைத் தவிர்க்கும் டைரக்ட் முறையில், ராமை விடப் பெரிய ஃபைலின் மேல், 16 கேபி ரேண்டமாக ஓட்டுவேன். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் பக்க அளவு 16 கேபி என்பதால் அந்த எண். போஸ்ட்கிரேஸ் டேட்டாபேஸாக இருந்தால் 8 கேபி. ரீடும் ரைட்டும் எந்த விகிதத்தில் என்பதை ஊகிக்காமல், வேலை நடக்கும் நேரத்தில் டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் கருவியை ஓடவிட்டு அதிலிருந்து எடுத்தேன்.

ஐஓஸ்டாட்டில் பலரும் முதலில் பார்ப்பது யுடில் சதவீதம், அதாவது டிஸ்க் வேலையில் இருந்த நேரத்தின் பங்கு. 100 என்றால் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். ஒற்றை டிஸ்க்குக்கு அது ஓரளவு பொருந்தும். எட்டு டிஸ்க் ஒரே பெயரில் தெரியும் தொகுப்பில், எந்நேரமும் ஏதாவது ஒரு வேலை நிலுவையில் இருந்தாலே 100 காட்டும். மீதி ஏழு டிஸ்க் சும்மா இருக்கலாம். நான் பார்ப்பது காத்திருப்பு நேரம், வரிசையின் நீளம், சராசரி ரெக்வெஸ்ட் அளவு மூன்றையும். எஃப்ஐஓ முடிவிலும் சராசரியைத் தாண்டி 99ஆவது பெர்சன்டைலுக்கு, அதாவது நூற்றில் மிக மெதுவான ஒன்று தொடங்கும் இடத்துக்குப் போய்விடுவேன், ஏனென்றால் புகார் வருவது அங்கிருந்துதான். ஒரே நேரத்தில் காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கையான வரிசை ஆழத்தை 128 வரை ஏற்றினால் ஐஓபிஎஸ், அதாவது நொடிக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கை, அழகாகத் தெரியும். ஆனால் நொடிக்கு 640 முடிக்கும் தொகுப்பில் 128 வேலை காத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 200 மில்லிசெகண்ட் தாமதம் என்று அர்த்தம். விற்பனைக் காகிதத்தில் பெரிய ஐஓபிஎஸ் எண் இருந்தால், எந்த வரிசை ஆழத்தில், எந்தத் தாமதத்தில் என்று கேளுங்கள்.

சர்வர் விட்டுவிட்டு உறைவதற்கான முதல் காரணம் கன்ட்ரோலரின் நிகழ்வுப் பதிவில் கிடைத்தது. ரைட் பேக் முறையில் கன்ட்ரோலர் டேட்டாவைத் தன் கேஷ் மெமரியில் வாங்கிக்கொண்டதுமே "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிடும். பிறகு நிதானமாகச் சேர்த்து, வரிசைப்படுத்தி டிஸ்க்குக்கு அனுப்பும். மின்சாரம் போனால் கேஷில் இருப்பதைக் காப்பது பேட்டரி. அந்த பேட்டரி பலவீனமானாலோ, தன் கொள்ளளவைத் தானே சோதிக்க முழுக்க இறங்கி ஏறும் லேர்ன் சுழற்சியில் இருந்தாலோ, கன்ட்ரோலர் சத்தமில்லாமல் ரைட் த்ரூ முறைக்கு மாறிவிடும். அதாவது டிஸ்க் எழுதி முடிக்கும் வரை பதில் கிடையாது. உறைந்த நேரங்களையும் லேர்ன் சுழற்சியின் நேரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒத்துப்போயின.

இந்த ஒரு மாற்றம் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது ஒரு மாற்றத்தை உறுதி செய்யும்போதெல்லாம், தன் லாக்கை எழுதி, அது பத்திரமாகச் சேர்ந்ததா என்று உறுதி கேட்கும் எஃப்சிங்க் அழைப்பை விடும். கேஷ் இல்லாவிட்டால் அடுத்த லாக் பகுதியை எழுதக் கிட்டத்தட்ட ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று, நொடிக்கு 120. ஒற்றைத் தொடர்பிலிருந்து நொடிக்கு 120 கமிட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது, பேரிட்டி வேலையும் சேர்ந்தால் அதுவும் கிடைக்காது. கேஷ் இருந்தால் அதே எஃப்சிங்க் ஒரு மில்லிசெகண்டுக்குள் திரும்பிவிடும். கூடவே, அடுத்தடுத்து வரும் 16 கேபி துண்டுகள் 24 சேர்ந்தால் 384 கேபி. ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதப்படும் துண்டு சங்க், எல்லா டிஸ்க்கின் சங்க்குகளும் சேர்ந்த வரிசை ஸ்ட்ரைப். 64 கேபி சங்க்கில், இரண்டு பேரிட்டி போக 6 டேட்டா டிஸ்க் என்றால் முழு ஸ்ட்ரைப்பே அவ்வளவுதான். முழு ஸ்ட்ரைப் ஒன்றாகக் கிடைத்தால் பழையதைப் படிக்கவே தேவையில்லை. பேரிட்டியைக் கணக்கிட்டு எட்டு டிஸ்க்கிலும் ஒரே தடவை எழுதினால் முடிந்தது. 24 ரைட்டுக்கு 144 வேலை ஆக வேண்டிய இடத்தில் 8 வேலை.

பேட்டரியை மாற்றினோம். லேர்ன் சுழற்சியை ஆள் இல்லாத நேரத்துக்குத் தள்ளினோம். பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டரும் ஃபிளாஷ் மெமரியும் உள்ள கன்ட்ரோலர்களில் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். "பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக்" என்று ஒரு தேர்வு பல கன்ட்ரோலர்களில் இருக்கும். பெஞ்ச்மார்க்கில் ஜொலிக்கும். டேட்டாபேஸ் இருக்கும் இடத்தில் நான் அதைத் தொடமாட்டேன். டிஸ்க்குக்கு உள்ளேயே இருக்கும் கேஷையும் ஹார்டுவேர் ரெய்டில் அணைத்தே வைப்பேன், கன்ட்ரோலரின் பேட்டரி அதைக் காக்காது. கேஷை ரீடுக்கும் ரைட்டுக்கும் பங்கு போட வழியிருந்தால் ரைட்டுக்கே அதிகம் கொடுங்கள். சர்வரில் 128 ஜிபி ராம் இருக்கும்போது கன்ட்ரோலரின் 1 ஜிபி ரீட் கேஷ் எதைக் காப்பாற்றப் போகிறது?

இரண்டாவது காரணம் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்து ஒதுக்கிய பகுதி. பழைய சர்வரிலிருந்து அப்படியே நகலெடுத்து வந்ததால் அது 63ஆவது செக்டாரில் தொடங்கியது. ஒரு செக்டார் 512 பைட் என்பதால், 63ஐ 512ஆல் பெருக்கினால் 32256 பைட். அது 4096ஆல் மீதியில்லாமல் வகுபடாது. உள்ளே 4 கேபி செக்டார் வைத்துக்கொண்டு வெளியே 512 பைட் என்று காட்டும் டிஸ்க்குகளில், ஒவ்வொரு 4 கேபி பிளாக்கும் இரண்டு செக்டாரில் கால் வைத்து நிற்கும். டிஸ்க் அந்தச் செக்டாரைப் படித்து, திருத்தி, இன்னொரு சுற்று காத்திருந்து எழுத வேண்டும். மேல்மட்டத்திலும் இதே கதை. 64 கேபி சங்க்கில் 16 கேபி பக்கங்கள் ஒழுங்காக அமர்ந்தால் எந்தப் பக்கமும் எல்லையைத் தாண்டாது. இந்தத் தொடக்கத்தில் நான்கில் ஒரு பக்கம் தாண்டுகிறது, அதற்கு ஒரு டிஸ்க்குக்குப் பதில் இரண்டு டிஸ்க் அசைய வேண்டியிருக்கிறது.

இப்போதைய கருவிகள் 2048ஆவது செக்டாரில், அதாவது 1 எம்பியில் தொடங்குகின்றன. பெரும்பாலும் இது போதும். ஆனால் முழு ஸ்ட்ரைப் 384 கேபி என்றால் 1024 அதனால் வகுபடாது. சங்க் எல்லை பொருந்தும், ஸ்ட்ரைப் எல்லை பொருந்தாது. 6144ஆவது செக்டாரில், 3 எம்பியில் தொடங்கினால் இரண்டும் பொருந்தும். பார்ட்டிஷனுக்கு மேல் இடத்தைப் பங்கிடும் எல்விஎம் பயன்படுத்தினால் அதற்கும் தனியாக டேட்டா தொடக்க இடம் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காக அமைத்த பார்ட்டிஷனுக்குள் எல்விஎம் போய்த் தள்ளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சரி செய்தும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. கேஷ் நிரம்பினால் பழைய 106க்கே திரும்பி வந்தாக வேண்டும், இரவு பேக்கப் ஓடும்போது தினமும் அது நிரம்பியது. பேக்கப் டிஸ்க்கின் தலையை ஒரு பக்கம் இழுக்க, டேட்டாபேஸ் இன்னொரு பக்கம் இழுத்தது. அதனால் தொகுப்பையே பிரிப்பது என்று முடிவு செய்தோம். நான்கு டிஸ்க் டேட்டாபேஸுக்கு ரெய்டு 10 ஆக, நான்கு டிஸ்க் ஃபைல் ஷேருக்கு ரெய்டு 6 ஆக.

நிர்வாகத்தில் இதற்கு எழுந்த எதிர்ப்பு நியாயமானது. ஆறு டிஸ்க் கொள்ளளவு நான்காகக் குறைகிறது. மூன்றில் ஒரு பங்கு இடம் போகிறது. மறுபக்கம், 4 டிஸ்க் ரெய்டு 10இன் கணக்கு 4 பெருக்கல் 80 வகுத்தல் 2, ஆக 160. எட்டு டிஸ்க்கின் ரெய்டு 6 தந்தது 106. பாதி டிஸ்க்கில் ஒன்றரை மடங்கு ரைட், அதுவும் பேக்கப்பின் தொந்தரவு இல்லாமல். இந்த இரண்டு எண்களை ஒரே தாளில் எழுதிக் காட்டியதும் பேச்சு சுருக்கமாக முடிந்தது. பழைய ஃபைல்களில் கணிசமானவற்றை யாரும் தொடுவதே இல்லை என்பதும் உதவியது. ரேண்டம் ரீடில் டேட்டாபேஸுக்கு 640இலிருந்து 320 ஆக இறங்குகிறது என்பதையும் மறைக்கவில்லை. அதை ராம் ஈடுகட்டியது. இன்னோடிபி ராமில் வைத்திருக்கும் பஃபர் பூலில், அடிக்கடி தேவைப்படும் பக்கங்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன.

புதிதாகக் கட்டும்போதுதான் சங்க் அளவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைக்கும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. சின்ன ரெக்வெஸ்ட்டுக்குச் சின்ன சங்க் என்று பலர் நினைக்கிறார்கள். நான் நேர்மாறாகச் செய்கிறேன். ஒரு 16 கேபி ரீட் ஒரே டிஸ்க்கோடு முடிய வேண்டும், அப்போதுதான் மற்ற டிஸ்க்குகள் மற்றவர்களின் வேலையைப் பார்க்கும். அதனால் சங்க் ரெக்வெஸ்ட்டை விடப் பல மடங்கு பெரிதாக இருக்கட்டும். டேட்டாபேஸ் தொகுப்புக்கு 256 கேபி வைத்தேன். பேரிட்டித் தொகுப்பில் இன்னொரு பக்கமும் உண்டு: சங்க் பெரிதானால் முழு ஸ்ட்ரைப்பும் பெரிதாகும், அதை நிரப்புவது கடினமாகும். 512 கேபி சங்க்கில் 6 டேட்டா டிஸ்க் என்றால் 3 எம்பி வந்தால்தான் முழு ஸ்ட்ரைப். ஃபைல் ஷேரில் டேட்டா டிஸ்க் இரண்டுதான் என்பதால் 256 கேபி சங்க்கில் 512 கேபியே முழு ஸ்ட்ரைப். பெரிய ஃபைல்கள் அதைத் தாராளமாக நிரப்பும். கன்ட்ரோலர் மெனுவில் தெரியும் அளவு ஒரு டிஸ்க்குக்கானதா, மொத்த ஸ்ட்ரைப்புக்கானதா என்பதைக் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாக் கன்ட்ரோலர்களும் ஒரே மாதிரி இல்லை.

ஃபைல் சிஸ்டத்துக்கும் இந்த அமைப்பைச் சொல்ல வேண்டும். லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டின் மேல் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஹார்டுவேர் கன்ட்ரோலர்கள் எல்லாம் இந்த விவரத்தைச் சொல்வதில்லை, எனவே கையால் கொடுத்தேன்: எக்ஸ்எஃப்எஸ் என்றால் எஸ்யூ (சங்க் அளவு) 256 கேபி, எஸ்டபிள்யூ (டேட்டா டிஸ்க் எண்ணிக்கை) 2. ஈஎக்ஸ்டி4 என்றால் 4 கேபி பிளாக் கணக்கில் சங்க்குக்கு ஸ்ட்ரைட் 64, முழு ஸ்ட்ரைப்புக்கு ஸ்ட்ரைப் விட்த் 128. ஒரு நிமிட வேலை.

இந்தச் சர்வரில் லினக்ஸ் பக்கம் எனக்குப் பெரிதாகப் பலன் தெரிந்த ஒரே அமைப்பு டர்ட்டி பக்கங்களின், அதாவது டிஸ்க்குக்குப் போகாமல் ராமில் காத்திருக்கும் ரைட்டுகளின், வரம்பு. வழக்கமான மதிப்பு பின்னணியில் எழுதத் தொடங்க 10 சதவீதம், உச்சமாக 20 சதவீதம். ராம் சிறியதாக இருந்த காலத்து எண்கள் இவை. 128 ஜிபி ராமில் 10 சதவீதமே பத்து ஜிபியைத் தாண்டலாம். ஃபைல் ஷேரில் யாரோ பெரிய நகல் எடுத்தால் அத்தனையும் ராமில் குவிந்து, அணை திறந்த மாதிரி ஒரே மூச்சில் கன்ட்ரோலர் கேஷின் மேல் பாயும். இரண்டு தொகுப்பும் அதே கேஷைப் பகிர்வதால் டேட்டாபேஸும் சேர்ந்து மூழ்கும். சதவீதத்தை விட்டுவிட்டு பைட் கணக்கில் பின்னணிக்கு 256 எம்பி, உச்சத்துக்கு 1 ஜிபி என்று வைத்தேன். பெரிய நகல்கள் சற்று மெதுவானதாக எழுதும் ஆளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு உறைவது நின்றது.

கேட்பதற்கு முன்பே அடுத்த டேட்டாவைப் படித்து வைக்கும் ரீட் அஹெட், வரிசையாகப் படிக்கும் வேலைக்கு உதவும். ஃபைல் ஷேர் தொகுப்பில் ஏற்றினேன், டேட்டாபேஸ் தொகுப்பில் தொடவில்லை. கட்டளையில் ஒரு பொறி: பிளாக்டெவ் கருவி 512 பைட் செக்டார் கணக்கில் எண் கேட்கும், கெர்னல் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் கேபி கணக்கில் கேட்கும். ஒரே எண்ணை இரண்டிலும் போட்டால் இரு மடங்கு வித்தியாசம். டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் விஷயத்தில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய குறிப்புகளில் வரும் சிஎஃப்க்யூ 2019இல் வந்த லினக்ஸ் 5.0இலேயே நீங்கிவிட்டது. சுழலும் டிஸ்க் தொகுப்புக்கு எம்க்யூ டெட்லைன் வைத்தேன். ஹார்டுவேர் கன்ட்ரோலர் தானே வரிசைப்படுத்துவதால் அங்கே எதை வைத்தாலும் என் அளவீட்டில் பெரிய மாற்றமில்லை. ஃபைலைப் படித்த நேரத்தைப் பதியாமல் விடும் நோஏடைம் பற்றியும் கேட்பார்கள், 2009இல் 2.6.30 கெர்னலிலிருந்து அந்தப் பதிவைக் குறைக்கும் ரெல்ஏடைம் இயல்பாகவே இருப்பதால் அதில் மிச்சம் சொற்பம்.

பேக்கப் வைத்திருக்கும் இன்னொரு சர்வரில் கன்ட்ரோலர் இல்லை, லினக்ஸின் எம்டிஏடிஎம் கருவியில் கட்டிய சாஃப்ட்வேர் ரெய்டு 6. அங்கே, துண்டுகளை ஸ்ட்ரைப்பாகச் சேர்க்க ராமில் எவ்வளவு ஒதுக்குவது என்று சொல்லும் ஸ்ட்ரைப் கேஷ் சைஸ் உண்மையிலேயே வேலை செய்தது. இயல்பான மதிப்பு 256. அது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 4 கேபி பக்கங்களின் எண்ணிக்கை. எட்டு டிஸ்க்குக்கு 8 எம்பிதான். 8192 ஆக்கினால் 256 எம்பி ராம் போகும். தொடர்ச்சியாக எழுதும் பேக்கப்புக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது, காரணம் அதே பழைய கதைதான்: துண்டுகள் சேர்ந்து முழு ஸ்ட்ரைப்பாக நேரம் கிடைக்கிறது. ரீபூட் ஆனால் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும், எனவே டிஸ்க் தெரிந்ததும் தானாக ஓடும் யுடெவ் விதியாக எழுதி வைத்தேன். எந்தப் பகுதியில் ரைட் நடக்கிறது என்று குறித்து வைக்கும் ரைட் இன்டென்ட் பிட்மேப்பின் சங்க்கைப் பெரிதாக்குவதும் ரைட்டுக்கு உதவும். பிட்மேப்பையே எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள்; மின்தடைக்குப் பின் முழுத் தொகுப்பும் மறுபடி ஒத்திசையும் வரை உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

காரணமே தெரியாமல் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் மெதுவாக இருந்தால் டியூனிங்கில் தேடாதீர்கள். டெபியன் வகை லினக்ஸ் சர்வர்களில் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை தொகுப்புச் சோதனை தொடங்குவது வழக்கம். சோதனையின் வேகத்துக்குக் கீழ் வரம்பு நொடிக்கு 1000 கேபி, மேல் வரம்பு 200000 கேபி. மேல் வரம்பை இறக்கினால் சோதனை நீளும், சர்வர் மூச்சு விடும். டிஸ்க் பழுதாகி, அதன் டேட்டாவைப் புதிய டிஸ்க்கில் மீண்டும் கட்டும் ரீபில்ட் நடக்கும்போது நான் எதிர்ப்பக்கம் போவேன்: கீழ் வரம்பை ஏற்றி, பயனர்கள் கொஞ்சம் காத்திருந்தாலும் ரீபில்ட் சீக்கிரம் முடியட்டும் என்று விட்டுவிடுவேன்.

டிஸ்க் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்றுப் படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கைப் பேரிட்டித் தொகுப்பில் போட வேண்டாம். ரீபில்ட் நேரம் கட்டுக்கடங்காமல் நீளும், எந்த அமைப்பாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. இரண்டு, பிழை மீட்பு நேர வரம்பு. படிக்க முடியாத செக்டாரைச் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டிருக்கலாம், லினக்ஸோ இயல்பாக 30 நொடியில் பொறுமை இழக்கும். டிஸ்க் அனுமதித்தால் ஸ்மார்ட்சிடிஎல் கருவி மூலம் எஸ்சிடி ஈஆர்சி என்ற அந்த நேர வரம்பை 70 என்று வைக்கிறேன். நொடியில் பத்தில் ஒரு பங்கு கணக்கு, அதாவது 7 நொடி. பல டிஸ்க்குகளில் மின்சாரம் போய் வந்தால் இதுவும் மறந்துபோகும், பூட் ஸ்கிரிப்ட்டில் இருக்க வேண்டும்.

பின்னர் டேட்டாபேஸ் தொகுப்பு எஸ்எஸ்டிக்கு மாறியது. மேலே சொன்ன சில முடிவுகளை அப்போது திருப்பிப் போட்டேன்: கன்ட்ரோலரின் ரீட் அஹெட்டை அணைத்தேன், ஷெட்யூலரை, எதையும் வரிசைப்படுத்தாத ‘நன்’ (none) தேர்வுக்கு மாற்றினேன். கன்ட்ரோலர் கேஷைக் கடந்து நேராக எழுதும் முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டியில் அதுவே வேகமாக இருந்தது. எஸ்எஸ்டியை அளக்கும்போது புதிய டிஸ்க்கின் முதல் எண்களை நம்பக் கூடாது. முழுக் கொள்ளளவையும் ஒன்றிரண்டு முறை எழுதி நிரப்பிய பிறகு வரும் எண்தான் அதன் அன்றாட வேகம். "இனி ரெய்டு 6க்கே போகலாமே, வேகம்தான் இருக்கிறதே" என்று கேட்டார்கள். வேகம் இருக்கிறது, ஆனால் ஒரு சின்ன ரைட்டுக்கு மூன்று இடத்தில் எழுதுவது மாறவில்லை, ரெய்டு 10இல் அது இரண்டு. எஸ்எஸ்டியின் ஆயுள் எழுதும் அளவில் தேய்வதால் அந்த வித்தியாசம் இப்போது டிஸ்க்கை எப்போது மாற்றுவது என்ற கணக்கில் வந்து நிற்கிறது. ரெய்டு 10ஆகவே விட்டிருக்கிறேன்.